ஞாயிற்றுக்கிழமை கொதிக்கும் வண்டி

என் வீட்டுக்காரர் வாங்கிய முதலும் கடைசியுமான காரில் என்ஜின் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே எங்கள் தெருவுக்கு அரை நாள் ஆனது. எண்பதுகளின் தொடக்கம். பழங்காநத்தத்தில் கார் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான் என்றாலும், முன்மூடியைத் தூக்கினால் என்ஜின் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். இதில் முன்மூடியைத் தூக்கினால் ஸ்டெப்னி டயர் படுத்திருந்தது. பின்மூடியைத் தூக்கினால் ஒரு பெட்டி வைக்கிற அளவுக்கு வெறும் இடம். எதிர்வீட்டு டெய்லர் அண்ணன் குனிந்து அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ஜினைத் தனியா வித்துட்டு மிச்சத்த இவரு தலையில கட்டிட்டாய்ங்க" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

என்ஜின் நடுவில் இருந்தது. இரண்டு இருக்கைகளுக்கும் பின்னால், முதுகை ஒட்டினாற்போல. வெளிநாட்டில் பந்தய வண்டிகளை அப்படித்தான் செய்வார்களாம், வளைவில் திரும்பும்போது எடை சரியாக நிற்குமாம். பழங்காநத்தத்திலிருந்து பெரியார் பஸ் நிலையம் போகிற வழியில் மாடும் ரிக்‌ஷாவும் விட்டால்தானே வளைவில் திரும்புவதற்கு. பங்குனி வெயிலில் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த மாதிரி இருக்கும். நான் ஈரத்துண்டை மடித்து முதுகுக்கு வைத்துக்கொள்வேன். திருப்பரங்குன்றம் போய்ச் சேர்வதற்குள் அது காய்ந்துவிடும்.

அவர் பம்புசெட் மெக்கானிக். கூடவே பைப்பு, வால்வு, வாஷர் விற்கிற சின்னக் கடையும் இருந்தது. கார் வாங்குகிற ஜாதகமே இல்லை. திருவாதவூரில் ஒரு கிணற்றுப் பம்பைப் பார்க்கப் போனவர், அங்கே தகரக் கொட்டகைக்குள் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த இந்த வண்டியைப் பார்த்திருக்கிறார். மலேயாவிலிருந்து திரும்பி வந்த அந்தத் தோட்டத்துக்காரர் ஆசையாகக் கப்பலில் கொண்டு வந்தது. நாலு மைல் ஓடினால் கொதிக்கிறது என்று மதுரையிலிருந்து ஒவ்வொரு மெக்கானிக்காக வரவழைத்திருக்கிறார். என்ஜினைப் பிரித்தார்கள், மாட்டினார்கள், மறுபடி பிரித்தார்கள். வண்டி கொதிப்பதை நிறுத்தவில்லை. கடைசியில் கோழிகளுக்கு விட்டுவிட்டார்.

எங்களவர் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, வண்டியை ஓட விட்டு, பக்கத்தில் காதை வைத்துக் கேட்டாராம். ரேடியேட்டர் வண்டியின் மூக்கில், என்ஜின் நடுவில். இரண்டுக்கும் இடையே தரைக்கு அடியில் நீளமாகப் பைப்பு ஓடுகிறது. அந்தப் பைப்புக்குள் களக் களக் என்று ஒரு சத்தம். "அண்ணே, இது கார் கேஸே இல்ல. நம்ம பம்புசெட்டு கேஸு. ஏர் புடிச்சிருக்கு" என்றிருக்கிறார். பம்புக்குள் காற்று அடைத்துக்கொண்டால் மோட்டார் எவ்வளவு சுற்றினாலும் தண்ணீர் நகராது. காற்றை வெளியேற்றினால்தான் ஏறும். வண்டியைக் கிணற்றுமேட்டின் சரிவில் மூக்கு மேலே பார்க்க நிறுத்தி, ரேடியேட்டர் உச்சியில் இருந்த ஒரு குட்டித் திருகைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்று போயிருக்கிறது. அதற்குப் பிறகு கொதிக்கவில்லை. கார் மெக்கானிக்குகளுக்குத் தெரியாதது தனக்குத் தெரிந்துவிட்ட குஷியில், தன் மோட்டார் சைக்கிளைக் கொடுத்து, மேற்கொண்டு கையில் இருந்ததையும் கொடுத்து, வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு முட்டைகளும் கூட வந்தன.

வீட்டில் நாங்கள் பத்துப் பேர். அத்தை, அவருடைய மூத்த மகனான என் மூத்தாரும் அவர் மனைவியும், அவர்களுடைய நாலு பிள்ளைகள், கல்யாணம் ஆகாத என் கொழுந்தன், பிறகு நாங்கள் இருவர். அத்தை வண்டியைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, இரண்டே இருக்கை என்பதை விரலால் எண்ணி உறுதி செய்துகொண்டார்.

"பத்துப் பேரு இருக்க வீட்டுக்கு ரெண்டு பேரு போற வண்டியாடா? மிச்சம் எட்டுப் பேரும் பின்னாடியே ஓடியாரணுமா?"

அவர் தலையைச் சொறிந்தார். எனக்கும் கோபம்தான். தையல் மிஷின் வைத்து நாலு வீட்டுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரு தேவைக்கும் உதவாத இந்தச் செங்கல் நிறச் சப்பை வண்டியைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. அதைச் சொல்லிச் சண்டை போடுவதற்குக்கூட வீட்டில் இடம் கிடையாது. எங்கள் அறைக்கும் மூத்தார் அறைக்கும் நடுவே இருந்தது ஒரு பலகைத் தடுப்பு. யார் இருமினாலும் யார் என்று தெரியும்.

அந்தத் தை மாதம்தான் எனக்கு நாலாவது மாதத்தில் கலைந்து போயிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, "அழுகக் கூடாதுத்தா. அழுதா சூடு ஏறும், அடுத்தது தங்காது" என்றார். எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். பத்தியச் சாப்பாடு வந்தது, வெந்நீர் வந்தது. அழ மட்டும் முடியவில்லை. அவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று மாதம் இருவரும் உப்பு போதுமா, சட்டை வெளுக்கப் போட்டாச்சா என்றே பேசிக்கொண்டிருந்தோம். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் நாங்கள் தனியாகக் கால்மணி நேரம் பேசியிருப்போமா என்பது சந்தேகம்.

வாங்கியது வாங்கியாயிற்று, பூஜை போடாமல் எடுக்கக் கூடாது என்று அத்தை பிடிவாதமாகச் சொன்னார். திருப்பரங்குன்றத்துக்கு நாங்கள் இருவரும் வண்டியில், மற்றவர்கள் டவுன் பஸ்ஸில். பூசாரி சந்தனத்தை எடுத்துக்கொண்டு என்ஜின் எங்கே என்று தேடினார். நடுவில் என்றதும், "நடுவுலயா?" என்று சந்தேகமாகக் கேட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று முன்னும் பின்னும் நடுவிலும் பூசினார். அத்தை ஒரு குறையும் வைக்கவில்லை. மூக்கில் தடிமனாகக் கதம்ப மாலை, அதற்குமேல் வேப்பிலைக் கொத்து, என்ஜினுக்கு மேலே இருந்த கம்பிச் சல்லடை நிறைய மல்லிகைச் சரம். சூடம் காட்டி, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, நாங்கள் புறப்பட்டோம்.

அந்த மாலை தொங்கியது சரியாக ரேடியேட்டருக்குக் காற்று போகிற வாயில். அது எங்கள் பம்புசெட் நிபுணருக்கும் தோன்றவில்லை. இரண்டு மைல்கூட வரவில்லை. என்ஜின் சூட்டைக் காட்டுகிற ஊசி முள் மேலே போய் ஒட்டிக்கொண்டது. முதுகுக்குப் பின்னாலிருந்து வெந்த மல்லிகைப்பூ வாசம். பிறகு வெள்ளையாக ஆவி. கண்மாய்க் கரையோரம் ஓரங்கட்டி நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து எங்கள் குடும்பம் ஏறியிருந்த டவுன் பஸ் எங்களைத் தாண்டியது. ஜன்னல் வழியாக நாலு பிள்ளைகளும் கையை ஆட்டினார்கள். அவர்களுக்கு மேலே அத்தையின் முகம். அந்த முகத்தில் இருந்ததை நான் எழுத வேண்டாம்.

என்ஜின் ஆறும்வரை ஒன்றும் செய்ய முடியாது. ஆறிய பிறகு கரை ஏறும் சரிவில் மூக்கு மேலே பார்க்க வண்டியை நிறுத்தி, பூஜைச் செம்பால் கண்மாயிலிருந்து தண்ணீர் மோந்து மோந்து ஊற்றினார். காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னால் திருகைப் பிடித்துக்கொண்டு குமிழியைப் பார்க்க, இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை ஒரே சீராக மிதிக்க வேண்டும். ரோட்டில் வேறு ஆள் இல்லை. பட்டுப்புடவையைச் சுருட்டிக்கொண்டு நான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன்.

"மெதுவா... ஆங், அப்படியே. எப்படி இம்புட்டு சீரா மிதிக்கிற?"

"தையல் மிஷின் மிதிச்ச காலு" என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தபோது அது அழுகையாக மாறிவிட்டது. எங்கிருந்து வந்ததோ தெரியாது, காலை மட்டும் எடுக்காமல் அழுதேன். திருகைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடி வந்தார். வந்து கதவருகே மண்ணில் உட்கார்ந்து, நான் கேட்காமலே சொன்னார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் துணியில் சுற்றி அவரிடம் காட்டியதாகவும், கையில் வாங்கப் பயந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும், தினமும் கடையில் பைப்பை அறுக்கும்போது அது ஞாபகம் வருவதாகவும். நர்ஸ் காட்டியது எனக்குத் தெரியவே தெரியாது. அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். திருகிலிருந்து தண்ணீர் பாதி வெளியே போய், முதலிலிருந்து ஊற்ற வேண்டியதாயிற்று.

வீட்டுக்குப் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கண் வீங்கியிருந்ததற்கு நான் காரணம் சொல்லவில்லை. ஆவி பட்டது என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் திருமங்கலம் பக்கம், நாகமலை பக்கம் பம்பு பார்க்கப் போகும்போது என்னையும் கூட்டிப் போக ஆரம்பித்தார். சும்மா கூட்டிப் போக முடியுமா? வீட்டில் சொன்ன காரணம் வண்டிதான். "நடுவழியில கொதிச்சா காத்து எடுக்க ஒரு ஆள் வேணும்மா. தம்பி மிதிச்சா என்ஜின் அலறுது. இவளுக்குத்தான் கால் பதமா இருக்கு." அது உண்மையும்கூட. வண்டி ஞாயிறு தவறாமல் கொதித்தது. கொதிக்கிற இடம் எப்போதும் ஏதாவது ஒரு கண்மாய்க்கரைக்குப் பக்கத்தில் இருந்தது. "என்னங்க ஆச்சு?" என்று கேட்பேன். "ஓஸ் கிளிப்பு லூசாயிருச்சு" என்பார். சட்டைப்பையில் பேனா மாதிரி ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர் இருக்கும். படுத்து அடியில் நுழைந்து, தண்ணீர்க் குழாய் ஒழுகாமல் பிடித்திருக்கிற அந்தக் கிளிப்பை இறுக்கிவிட்டு வருவார். என்ஜின் ஆற ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம்தான் எங்களுடையது. இந்த வண்டி சரியாகிவிடக் கூடாது என்று சனிக்கிழமைகளில் நான் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டதுண்டு. ஒழுங்காக ஓடுகிற வண்டிக்குக் கூட ஆள் எதற்கு?

வேண்டியதெல்லாம் பலித்து, வேண்டாததும் சேர்ந்து ரிப்பேராயிற்று. முன் விளக்குகள் இரண்டும் மூடியிருந்து, சுவிட்சைப் போட்டால் எழுந்து நிற்க வேண்டியவை. ஒன்று எழும், ஒன்று எழாது. பொழுது சாய்ந்தால் அவர் இறங்கிப் போய்க் கையால் தூக்கி, ஒரு குச்சியை முட்டுக் கொடுத்துவிட்டு வருவார். அந்த அளவு டயர் மதுரையில் கிடையாது. மெட்ராஸுக்கு எழுதிப்போட்டு இரண்டு மாதம் காத்திருந்தோம். கிளட்ச் கேபிள் அறுந்தபோது, என்ஜின் இருக்கைக்குப் பின்னால் இருப்பதால் அது வண்டி நீளத்துக்கு வேண்டுமென்று, இரண்டு சைக்கிள் கடைகளில் அலைந்து ஒட்டுப்போட்டார். மழை பெய்தால் காலடியில் தண்ணீர் நிற்கும். வேகத்தடையைப் பார்த்தால் நான் இறங்கி நடந்து தாண்டி மறுபடி ஏறுவேன், அப்படியும் வயிறு உரசும். சிலிண்டருக்கு மேல் வைக்கிற கேஸ்கட் போனபோது, கீழவாசல் பக்கம் ஒரு பாத்திரப் பட்டறை பாய், செம்புத் தகட்டை வெட்டி, நெருப்பில் காட்டிப் பதமாக்கிக் கொடுத்தார். "பிரியாணி தேக்சாவுக்குத் தட்டுற கையிம்மா, இன்ஷா அல்லா தாங்கும்" என்றார். தாங்கியது. ஆனால் அந்த வருடம் தீபாவளிக்கு எனக்குப் பட்டு கிடையாது, கடைக்குப் புது மேஜை கிடையாது. நான் தைத்த ஜாக்கெட்டுகளில் பாதி அந்த வண்டி வயிற்றுக்குள்தான் போயிற்று. வாய் நிறையத் திட்டினேன். விற்றுவிடுங்கள் என்று மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை.

அத்தை சொன்னார், வாரம் ஒருமுறை. முக்கியமாகத் தண்ணீர் விஷயத்தில். எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். கொல்லைக் கிணற்றில் உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீர் பைப்பை அரித்துவிடும் என்று இவர் ஒரு தரம் நல்ல தண்ணீர்க் குடத்தில் கை வைத்துவிட்டார். "மனுசனுக்கே இல்ல, காருக்கு நல்ல தண்ணியா? இந்தக் குடத்துல கை வச்சே, பாத்துக்க" என்று அத்தை போட்ட சத்தத்தில், அன்றிலிருந்து வண்டிக்கு எடுத்துப்போகிற கேனில் உப்புத் தண்ணீர்தான்.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. பிறகு அவருக்கு மஞ்சள் காமாலை வந்து ஆறு வாரம் படுத்துவிட்டார். கீழாநெல்லியும் மோர்ச் சோறுமாக, கண் மஞ்சளாக, எழுந்தால் தலை சுற்றும். கடையைக் கொழுந்தன் பார்த்துக்கொண்டான், வண்டியும் அவன் கைக்குப் போனது. அவர் தேறி முதன்முதலாக எல்லோரோடும் பந்தியில் உட்கார்ந்த மத்தியானம், அண்ணனைச் சந்தோஷப்படுத்த நினைத்து அவன் சொன்னான்:

"அண்ணே, வண்டி கல்லு மாதிரி இருக்கு. ஆறு வாரம் மேலூரு, சோழவந்தான்னு சுத்தியிருக்கேன். ஒருநாள் கொதிக்கல. ஒரு சொட்டு தண்ணி கொறையல. நான் ஒண்ணுமே பண்ணல, சும்மா ஓட்டுனேன், அம்புட்டுத்தான்."

அவர் தலையைத் தூக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். காமாலையில் மஞ்சளாகிக் கிடந்த அந்தக் காது மடல் சிவப்பதை நான் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பொய் சொல்ல வராத மனிதர். கிளிப் லூசாகிவிட்டது என்று ஒவ்வொரு வாரமும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். லூசாக்கியது யார் என்று நான்தான் கேட்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்து, பரிமாறிக்கொண்டிருந்த ரசம் இலைக்கு வெளியே போனது.

மூத்தாரின் மனைவி கபடில்லாமல் சொன்னார், "நல்லதாப் போச்சு. இனிமே ஞாயித்துக்கிழமை இவளாச்சும் வீட்டுல கொஞ்சம் கையக் கால நீட்டட்டும். கூட ஆளுக்கு அவசியமில்லையே."

அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன். உள்ளே திரும்பி அடுப்படிக்குப் போய்ச் சும்மா நின்றேன். "மோரு ஊத்துங்க" என்று அத்தையின் குரல் மட்டும் கேட்டது.

அந்த ஞாயிறு காலை வழக்கமான நேரத்துக்கு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, செக்கானூரணியில் ஒரு பம்பு பார்க்க வேண்டும் என்று பொதுவாகச் சுவரிடம் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. நான் மிஷினில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோர்ப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தேன். அத்தை கொல்லையிலிருந்து தண்ணீர்க் கேனைத் தூக்கமாட்டாமல் தூக்கி வந்து நடையில் வைத்தார்.

"என்னத்தா, புடவ மாத்தலையா?"

"வண்டிதான் கொதிக்கலையாமே, அத்தை."

"அவன் ஒத்தையா ஓட்டுனான், கொதிக்கல" என்றார் அத்தை. பிறகு இவர் பக்கம் திரும்பி, முந்தானை முடிச்சிலிருந்து அந்தச் சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்து நீட்டினார். "இந்தா. காமாலையில படுத்தப்ப ஜன்னல்ல வச்சுட்டே. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம விடியுமுன்ன வண்டிக்கடியில படுத்துக் கெடப்பே. வாசல் தெளிக்கிறவ நான். எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

அவர் வாங்காமல் நின்றார். அத்தையே அதை அவர் சட்டைப்பையில் செருகினார். பிறகு என் பக்கத்தில் வந்து, குரலைத் தணித்து, ஒரு காரியத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"எனக்கும் ரெண்டு போச்சுத்தா. ஒண்ணு எட்டு மாசம். உங்க மாமாகிட்ட அதப் பத்தி ஒரு வார்த்த பேசுனதில்ல, அவரும் பேசல. கடைசி வரைக்கும் பேசாமலே போய்ச் சேந்துட்டாரு. இந்த வீட்டுல எங்கன போய்ப் பேசுறது? நீ போயிட்டு வா. மெதுவா வாங்க."

அழக் கூடாது என்று சொன்ன அதே மனுஷி. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. எங்கள் வீட்டில் அதெல்லாம் பழக்கமில்லை. புடவை மாற்றிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு அவர் கிளிப்பைத் தொடவில்லை. ஊசி முள் பாதியில் நின்றது நின்றபடி இருந்தது. ஆனாலும் கண்மாய்க்கரை வந்ததும் வண்டியைச் சரிவில் ஏற்றி, பழக்கத்தில் மூக்கு மேலே பார்க்க நிறுத்தினார். இருவரும் இறங்கிக் கரையில் உட்கார்ந்தோம். அத்தையின் அந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினோம். அவருக்கே அன்றுதான் தெரியுமாம்.

வெயில் ஏறி எனக்குத் தாகம் எடுத்தது. கண்மாய் வற்றிக் கிடந்தது. உப்பாக இருந்தாலும் வாயைக் கொப்பளிக்கலாம் என்று கேனைத் திறந்தேன். வெட்டிவேர் வாசம் வந்தது. வீட்டில் வெட்டிவேர் போட்டு வைப்பது ஒரே ஒரு பானையில்தான், அத்தை கட்டிலுக்கு அருகே இருக்கிற குடிதண்ணீர்ப் பானையில். பானை முழுவதையும் கேனில் கவிழ்த்திருந்தார். மூடியில் ஊற்றி ஊற்றி, இருவரும் குடித்தோம்.